குலுங்காத வண்டி

இந்த மாதிரிப் பழைய வண்டிக்கு ஷாக் அப்சார்பர் மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் முன்பக்கத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். நான் பின்பக்கத்திலிருந்து ஆரம்பிப்பேன். இன்ஜின் பின்னால் இருக்கிறது, பாரமெல்லாம் பின்னால் இருக்கிறது, அதனால் குலுக்கலும் அங்கேதான் அதிகம். பின்பக்கத்தை ஒழுங்காகச் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து எழுதச் சொன்னீர்கள், அதனால் இதிலிருந்து எழுதுகிறேன். காகிதத்துக்கு நன்றி. பேனாவை மட்டும் துடைத்துக் கொடுத்திருக்கலாம். யாரோ மூடியைக் கடித்து வைத்திருக்கிறார்கள்.

வண்டி என் அண்ணனுடையது. அதற்கு முன்னால் அப்பாவுடையது. தண்ணீர் ஊற்ற வேண்டாத, காற்றிலேயே இன்ஜின் குளிர்கிற ரகம். இப்போது யாரும் செய்வதில்லை. அப்பா இருந்தவரை அதற்குள் யாரும் எதையும் சாப்பிட்டது கிடையாது. செருப்பைத் தட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரும் நானும் துணியும் வாளியுமாக இறங்குவோம். அண்ணன் படியில் உட்கார்ந்து பழம் தின்றுகொண்டு வேடிக்கை பார்ப்பார், கொட்டையை எங்கள் வாளிக்குள் துப்புவார். அப்பா போன பிறகு, மூத்தவர் என்று வண்டி அவருக்குப் போயிற்று. எனக்கு அதில் வருத்தம் இல்லை. பொறாமை என்று குறித்து வைத்திருந்தால் தயவுசெய்து அடித்துவிடுங்கள். நான் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறவன்.

எனக்குத் தாங்க முடியாமல் போனது அந்த வண்டியை அவர் வைத்திருந்த லட்சணம். அண்ணன் பெயின்ட் கம்பெனிக்கு விற்பனை ஆள். வாரம் ஒருமுறை மலைமேல் இருக்கும் கடைகளுக்கெல்லாம் போய் வருவார். சாப்பாடு, தூக்கம், சொறிதல் எல்லாம் வண்டிக்குள்தான். சீட்டுக்கு அடியில் கை விட்டால் வாழைப்பழத் தோல் வரும். அது கறுத்து, ஒட்டிக்கொண்டு, தோலா வேறெதுவுமா என்று தெரியாத பக்குவத்தில் இருக்கும். சளி சிந்திய காகிதங்கள் கதவுப் பையில் காய்ந்து விறைத்துக் கிடக்கும். குளிர்காலத்தில் ஹீட்டரைப் போட்டால் இத்தனையும் சேர்ந்து வெந்து ஒரு வாடை கிளம்பும். அவித்த முட்டையும் ஈரக் காலுறையும் கலந்த வாடை. அதை மூன்று முறை முகர்ந்தால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

இன்னொரு பழக்கம், சொல்லாமல் விட முடியவில்லை. அண்ணன் காது குடைய வண்டிச் சாவியைத்தான் எடுப்பார். கண்ணை மூடி, வாயைக் கோணிக்கொண்டு, ரசித்து ரசித்துக் குடைவார். பிறகு நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பேன்ட்டில் ஒரு தேய்ப்பு. அதே சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்புவார். சாவி நுழையும் இடத்தைச் சுற்றி மஞ்சளாக ஒரு பிசுக்கு படிந்திருக்கும். பட்டறைக்கு வண்டி வரும்போதெல்லாம் அந்தச் சாவியை என் உள்ளங்கையில் வைத்து அழுத்துவார்.

"பத்திரமா பாத்துக்கடா சோப்பு."

சோப்பு என்பது நான். அடிக்கடி கை கழுவுகிறேன் என்று சின்ன வயதில் அவர் வைத்த பெயர். பட்டறைக்கு வருகிறவர்கள் முன்னாலும் அப்படித்தான் கூப்பிடுவார். நானும் சிரித்துவிடுவேன். எனக்குக் கோபம் வராது, யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அண்ணி வேறு மாதிரி, அல்லது வேறு மாதிரி என்று நான் நினைத்திருந்தேன். காபி கொடுத்தால் குடித்த டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். இப்படிப்பட்ட மனுஷி எப்படி அந்த ஆளோடு ஒரே தலையணையில் படுக்கிறார் என்று யோசித்து யோசித்துப் பல நாள் எழுந்து போய்க் கை கழுவியிருக்கிறேன். அண்ணிக்கு முதுகெலும்பில் தட்டு விலகியிருந்தது. அந்த வண்டியில் தெருமுனை வரை போய் வந்தாலே இரண்டு நாள் படுக்கைதான். ஷாக் நான்கிலும் எண்ணெய் ஒழுகி உயிரே இல்லை. பின்னால் கை வைத்து அமுக்கினால் வண்டி நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும்.

பட்டறைக்கு வந்து அண்ணிதான் கேட்டார். "தம்பி, என் தங்கச்சி மேல மலைல தனியா கெடக்கா. அவ வீட்டுக்குப் போயே வருஷக்கணக்கா ஆச்சு. இந்தக் குலுக்கலுக்கு ஏதாவது பண்ண முடியுமா?"

"பண்ணிரலாம் அண்ணி. நல்ல ஷாக்கா போட்டுத் தர்றேன். மடில தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கும்."

இதை நான் மனப்பூர்வமாகச் சொன்னேன். வேலையையும் மனப்பூர்வமாகத்தான் செய்தேன். கேஸ் அடைத்த புது ஷாக், நான்கும் என் செலவு. இந்த வேலையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சக்கரம் தரையில் நின்று வண்டியின் கனம் முழுதும் இறங்கிய பிறகுதான் கீழ் நட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். பாதிப் பேர் அவசரத்தில் இதைச் செய்வதில்லை. நான் செய்தேன். முடித்துவிட்டுப் பின்னால் அமுக்கிப் பார்த்தேன். ஒருமுறை தாழ்ந்தது, ஒருமுறை எழுந்தது, நின்றுவிட்டது.

பின்பக்கச் சக்கரத்தைக் கழற்றினால் ஷாக்குக்குப் பக்கத்திலேயே ஹீட்டர் பெட்டி தெரியும். இந்த ரக வண்டியில் உள்ளே சூடு வருவது இன்ஜின் புகைக்குழாயிலிருந்து. குழாயைச் சுற்றி ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதற்குள் போகும் காற்று குழாய்ச் சூட்டை வாங்கிக்கொண்டு வண்டிக்குள் வரும். குழாய் நன்றாக இருக்கிறவரை புகை வேறு, காற்று வேறு. குழாய் ஓட்டையானால் இரண்டும் ஒன்று. அண்ணன் வண்டியில் குழாய் துருப்பிடித்திருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது ஷாக் மட்டும்தான்.

நேற்று நான் சொல்லிக்கொண்டு வந்தபோது இந்த இடத்தில் நீங்கள் என்னை நிறுத்திவிட்டு, என் பட்டறைச் சாமான் தட்டிலிருந்து எடுத்த தகரப் பட்டையைக் காட்டினீர்கள். ஆமாம், அது அந்தக் குழாயில் இருந்ததுதான். முந்தின குளிர்காலத்தில் ஒரு சின்ன ஓட்டையை அடைக்க நானே சுற்றிப் பிடித்த பட்டை. ஷாக் வேலைக்காகப் பெட்டியைக் கொஞ்சம் விலக்கினேன், பட்டையைக் கழற்றினேன், திரும்ப மாட்டவில்லை. மறந்துவிட்டேன் என்று முதலில் சொன்னேன். மறந்து வைத்த பட்டையை யாராவது மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துத் துணியில் சுற்றி வைப்பார்களா என்று கேட்டீர்கள். நான் வைப்பேன். அழுக்குச் சாமான் என் தட்டில் இருக்க முடியாது.

கதவு ரப்பரையும் கேட்டீர்கள். வண்டி குலுங்காமல் போனால் மற்றச் சத்தங்கள் பெரிதாகக் கேட்கும். முக்கியமாகக் கதவு இடுக்கில் காற்று விசிலடிக்கும். அதனால் கதவுக்கும் கண்ணாடிக்கும் புது ரப்பர் போட்டுவிட்டேன். குளிர் உள்ளே வராது. அண்ணன் சந்தோஷப்பட்டார்.

"உள்ள உக்காந்தா ஊர்ச் சத்தமே கேக்கலடா சோப்பு. நல்லாத் தூங்கலாம்," என்றார்.

அவர் தூங்குவார் என்பது எனக்குத் தெரியும். மலையில் பாதி வழியில், பள்ளத்தாக்கு தெரிகிற ஒரு திருப்பத்தில் வண்டியை ஓரங்கட்டி, முட்டையைத் தின்றுவிட்டு, குளிருக்கு இன்ஜினையும் ஹீட்டரையும் ஓடவிட்டு வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார். பல வருஷப் பழக்கம். அங்கே நான் ஒருமுறை அவரோடு இருந்திருக்கிறேன். எச்சில் ஒழுகித் தாடையில் நூலாகத் தொங்கியது. அப்பா பிடித்த ஸ்டியரிங்கில் அது சொட்டுவதை முழு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். புகைக்கு வாடை உண்டு. சுத்தமான வண்டியாக இருந்தால் ஏறின உடனே மூக்கில் ஏறும், கண்ணாடியை இறக்கியிருப்பார்கள், ஒன்றும் ஆகியிருக்காது. அந்த நாற்றத்துக்குள் எந்த வாடை தெரியப்போகிறது. அந்த வண்டியைக் கொஞ்சம் மனுஷன் உட்கார்கிற மாதிரி வைத்திருந்தால் அண்ணன் இன்றைக்கு உயிரோடு இருப்பார். இதில் என் பங்கு என்னவோ அதை ஒத்துக்கொள்கிறேன், அவர் பங்கையும் நீங்கள் பார்க்க வேண்டும்.

அவர் தனியாகப் போவார் என்றுதான் நினைத்தேன். எப்போதும் தனியாகத்தான் போவார். பிறகு வண்டி என்னிடம் வரும். சீட்டையெல்லாம் பிய்த்துப் போட்டுவிட்டு, கழுவி, பட்டையை மாட்டி, அப்பா வைத்திருந்த மாதிரியே ஆக்கிவிடுவேன். அண்ணியை நானே தங்கை வீட்டுக்கு அழைத்துப் போவேன். பின்னால் உட்காருவாரா, முன்னால் உட்காருவாரா என்றுகூட யோசித்திருக்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் டயருக்குக் காற்றடிக்கப் பட்டறை வாசலில் வண்டி வந்து நின்றது. முன் சீட்டில் அண்ணி. கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துணி, மடியில் டிபன் டப்பா. கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி முகம் பளிச்சென்று இருந்தது.

"சோப்புத் தம்பி, வீட்லேர்ந்து இங்க வரைக்கும் ஒரு சுருக்குனு வலி இல்ல. சத்தியமா. அதான் நானும் கெளம்பிட்டேன்," என்றார்.

சோப்புத் தம்பி. அதுவரை அண்ணி என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. அண்ணன் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "பாத்தியா, உங்க அண்ணியும் கத்துக்கிட்டா."

நான் சொல்லிப் பார்க்காமல் இல்லை. "மேல குளிர் ஜாஸ்தி அண்ணி. முதுகுக்கு ஆகாது. இன்னொரு நாள் நானே கூட்டிட்டுப் போறேனே," என்றேன்.

"ஹீட்டர் இருக்கே தம்பி. இவரு இருக்காரு. எனக்கு என்ன?"

ஹீட்டரைப் போடாதீர்கள் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. ஏன் என்று கேட்டிருப்பார்கள், நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். குழாயில் கோளாறு, இறங்குங்கள், அரை மணியில் பார்த்துவிடுகிறேன் என்றால் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். காற்றுக் குழாயைக் கையில் பிடித்தபடி அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன்.

அப்போது அண்ணி டப்பாவைத் திறந்தார். ஒரு முட்டையைப் பாதியாகப் பிட்டு அண்ணன் வாயில் வைத்தார். அவர் வாயைத் திறந்தபடியே மென்றார். மஞ்சள் கரு மீசையில் ஒட்டியது. எச்சிலில் ஊறின மஞ்சள் கரு. அண்ணி அதை விரலால் வழித்தார். துடைக்கத் துணி தேடுவார் என்று நினைத்தேன். விரலைத் தன் வாயில் வைத்துக்கொண்டார். யோசிக்கவே இல்லை, தினமும் செய்கிற காரியம் மாதிரி இருந்தது. அண்ணன் சாவியைக் கழற்றிக் காதுக்குள் விட்டுக்கொண்டிருந்தார், அண்ணி அவர் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான்கு டயருக்கும் காற்றுப் பார்த்தேன். பின்னால் ஒரு அளவு கூட வைத்தேன், இரண்டு பேர் பாரம் இருப்பதால். அண்ணி பக்கக் கதவு சரியாகச் சாத்தவில்லை. புது ரப்பர் கொஞ்ச நாள் இறுக்கமாகத்தான் இருக்கும். "கையை எடுத்துக்குங்க அண்ணி," என்று சொல்லி நானே அழுத்திச் சாத்தினேன். வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதைப் பார்த்தேன். ஒரு ஆட்டம் இல்லை. பிறகு உள்ளே போய்க் கை கழுவினேன்.

திருப்பத்தில் வண்டி நின்ற இடத்துக்கு அடையாளம் காட்ட என்னைத்தான் கூட்டிப்போனீர்கள். பெட்ரோல் தீரும்வரை இன்ஜின் ஓடியிருக்கிறது. அண்ணன் தலை அண்ணி தோளில் கிடந்தது. அவர் வாயிலிருந்து வழிந்தது அண்ணியின் கம்பளித் துணியில் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. அண்ணி ஒரு கையால் அவர் கன்னத்தைத் தாங்கிப் பிடித்திருந்தார். ரோட்டோரமாகப் போய் வாந்தி எடுத்தேன். உங்கள் காவலர் துக்கம் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார். நல்ல மனிதர், ஆனால் அந்தப் பாட்டிலில் அவர் வாய் வைத்துக் குடித்திருந்தார்.

இனி மிச்சம் ஒன்றுதான். துரு தின்ற ஓட்டை கிழிசலாகப் பிசிறோடு இருக்கும், இந்தக் குழாயில் இருப்பது வட்டமாக, விளிம்பெல்லாம் வழவழவென்று இருக்கிறது என்று உங்கள் நிபுணர் எழுதியிருக்கிறார். அவர் விவரமானவர். பட்டையைக் கழற்றியபோது உள்ளே இருந்தது கடுகளவு ஓட்டை. அதை நான்தான் துளையிட்டுப் பெரிதாக்கினேன். துளையிட்ட பிறகு ஓரமெல்லாம் பிசிறாக, பார்க்க அசிங்கமாக இருந்தது. அப்படியே விட்டிருந்தால் நீங்கள் என்னிடம் வந்திருக்கவே மாட்டீர்கள் என்று இப்போது புரிகிறது. அரத்தை எடுத்து ராவிவிட்டேன். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டுவிடுகிறேன். அண்ணனையும் அண்ணியையும் கொன்றது நான்தான்.

ஆனாலும் அண்ணிக்கு நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறேன். அந்த மலைப்பாதையில் எத்தனை பள்ளம், எத்தனை திருப்பம் என்று உங்களுக்கே தெரியும். போய்ச் சேர்ந்த இடம் வரைக்கும் அவருக்கு முதுகு வலித்திருக்காது. அதற்கு நான் உத்தரவாதம்.