அறுபத்தெட்டு எடைச்சீட்டு

— கைய எடுங்க அண்ணாச்சி. ரெண்டு கையையும் கீபோர்டுல இருந்து எடுத்து மடியில வைங்க.

— எடுத்துட்டேன் டீச்சரம்மா. இப்பம் என்ன ஆயிட்டு?

— அதை நான்தான் கேக்கணும். காலையில இருந்து எடை போட்ட அறுபத்தெட்டு லாரியோட சீட்டு இந்த ஃபோல்டர்ல கிடந்துச்சு. ஒண்ணையும் காணோம். என்ன அடிச்சீய?

— ஆர் எம். அடுத்தாப்புல ஒரு இடைவெளி, ஒரு நட்சத்திரம். நீ சொல்லிக் கொடுத்ததுதான்.

— போன மாசச் சீட்ட அழிக்கதுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இன்னைக்கு உள்ளத அழிக்கதுக்கு இல்ல.

— வெள்ளிக்கிழமை இல்லா. எடை மேடையில வெள்ளிக்கிழமைன்னா மேஜையத் தொடச்சு, கிடக்குத துண்டுச்சீட்ட எல்லாம் கிழிச்சுப் போட்டுட்டுத்தான் சாம்பிராணி காட்டுவோம். அந்தப் பழக்கத்துல சுத்தம் பண்ணிட்டேன்.

— கம்ப்யூட்டருக்குமா சாம்பிராணி?

— அதுக்கும் ஒரு குப்பைத் தொட்டி இருக்கும்லா. அதுல போய்ப் பொறுக்கு.

— விண்டோஸ்ல இருந்துச்சு. இது லினக்ஸ். இங்கன ஆர் எம் அடிச்சா போனது போனதுதான். நிசமாவான்னு ஒரு வார்த்தை கேக்காது. முதல் நாளே சொன்னேன்.

— சொன்ன. சரி விடு. போனா போவுது.

— போனா போவுதா? அதுல நாப்பது லாரி துறைமுக கேட்டுல நிக்கு. எடை இந்த சர்வர்ல இருந்து அங்க போனாத்தான் உள்ள விடுவான். ஆறு மணியோட கப்பலுக்குப் பெட்டி வாங்குதத நிறுத்திருவான். இப்பம் மணி மூணே கால்.

— எங்கிட்ட சொல்லுதியா? பதினோரு வருசம் அந்த வரிசையில டிரெய்லரப் போட்டு நின்னவன் நான். ஒண்ணுக்குப் போவ இறங்குனா இடம் போயிரும். முட்டி போன பொறவுதான இந்த நாற்காலி.

— நாலு மணிக்கு மேனேஜர் கிங்ஸ்டன் சார் உங்களுக்கு டெஸ்ட் வைக்க வாராரு. ஞாபகம் இருக்கா?

— வரட்டும். 'வன்னியபெருமாள், ஒம் மண்டையில ஒண்ணும் ஏறாது, எந்திரிச்சு வீட்டுக்குப் போ'ன்னுவாரு. முத்தையாபுரம் பஸ்சப் பிடிச்சு நான் போயிருவேன்.

— சும்மா கிடங்க. உங்களத் துரத்த நான் விட மாட்டேன்.

— துரத்தட்டும் ஏளா. உனக்கு என்ன நட்டம்?

— எனக்குத்தான் நட்டம். என் டிகிரி, மார்க் ஷீட்டு எல்லாம் ஒரிஜினல், ஒரு கவர்ல மூணு வருசமா அவரு ரூம் லாக்கர்ல கிடக்கு. சேரும்போது 'பத்திரமா இருக்கட்டும் பெனிஷா'ன்னு வாங்கி வச்சாரு. போறேன்னு சொன்னா, 'உன் எடத்துக்கு ஒரு ஆளத் தயார் பண்ணு, கவர எடுத்துட்டுப் போ'ங்காரு. ஜெமிக்குச் சொல்லிக் கொடுத்தேன், கல்யாணமாகி ஓமனுக்குப் போயிட்டா. பிரைட்டனுக்குச் சொல்லிக் கொடுத்தேன், பத்தாவது நாள் ஆளையே காணோம். மூணாவது நீங்க.

— நாலாவதா ஒருத்தன் கிடைக்காமலா போயிருவான்? நாசரேத்துல தடுக்கி விழுந்தா ஒரு கம்ப்யூட்டர் படிச்ச பய மேலதான விழணும்.

— அவன் வந்து படிக்க வரைக்கும் கொச்சிக்காரன் காத்துக்கிட்டு இருக்க மாட்டான்.

— எந்தக் கொச்சிக்காரன்?

— அங்க ஒரு கப்பல் கம்பெனியில வேலை கிடைச்சிருக்கு. திங்கக்கிழமை ஒரிஜினலோட போய் நிக்கணும். நிக்கலேன்னா அடுத்த ஆளக் கூப்பிட்டுருவான்.

— திங்கக்கிழமையா?

— இந்தத் திங்கக்கிழமை.

— மூணு வாரமா எம் பக்கத்துலயே இருக்க. ஒரு வார்த்தை சொல்லலையே.

— உங்ககிட்ட சொன்னா எடை மேடைக்குத் தெரியும். எடை மேடைக்குத் தெரிஞ்சா சார் காதுக்குப் போவும். ஏன் அண்ணாச்சி, திடீர்னு இப்படி இடிஞ்சு போய் உக்காந்துட்டீய?

— என்ன செய்யச் சொல்லுத? போனது போனதுதான்ன. இனி யாரு வந்து என்ன செய்ய?

— செய்யலாம். மணிக்கொருக்க எல்லாச் சீட்டும் இன்னொரு டிஸ்க்குல காப்பி ஆவும். மூணு மணிக்கு ஆனது அங்கன முழுசாக் கிடக்கு.

— காப்பி கிடக்கா?

— கிடக்கு. அதுக்கு ஏன் மூஞ்சி இப்படிப் போவுது? வேலை தப்பிச்சுட்டுன்னு சந்தோசப்படுங்க.

— இதையும் நீ சொல்லல.

— அது கடைசி நாள் பாடம். ஆர் எம்முக்குப் பயம் வந்த பொறவுதான் சொல்லுவேன்.

— அப்பம் நீயே எடுத்துப் போடு. உனக்கு ரெண்டு நிமிச வேலை.

— நான் தொட மாட்டேன். நான் சரி பண்ணுனா, 'பாத்தியா, நீ இல்லாம ஓடாது'ன்னுவாரு. அப்புறம் சாவுத மட்டும் இந்த சன்னல் இல்லாத ரூமுதான். நீங்கதான் எடுக்கணும். நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கேன். என்ன, செய்யுதீயளா?

— திங்கக்கிழமைன்னா நாயித்துக்கிழமையே ரயிலு ஏறணும், இல்ல?

— ஆமா அண்ணாச்சி.

— சரி. சொல்லு.

— முதல்ல எங்கன நிக்கோம்னு கேளுங்க. பி டபிள்யூ டி.

— ரோடு போடுதவன்கிட்டயா?

— அண்ணாச்சி.

— அடிச்சுட்டேன். சாய்ஞ்ச கோடு, யார்டு, சாய்ஞ்ச கோடு, எடை, சாய்ஞ்ச கோடு, இன்னைக்கு. இப்படிக் காட்டுது.

— அந்த முதல் கோடு இருக்குல்லா, அதுதான் மெயின் கேட்டு. சி டிரைவ், டி டிரைவ்னு இங்கன தனித்தனியாக் கிடையாது. எல்லாம் அந்த ஒத்த கேட்டுக்கு உள்ளதான். கேட்டுக்குள்ள யார்டு, யார்டுக்குள்ள எடை, எடைக்குள்ள இன்னைக்கு. நாம அதுல நிக்கோம். சி டி போட்டு ரெண்டு புள்ளி வச்சா ஒரு படி வெளிய வரலாம்.

— வெளிய வந்துக்கிட்டே இருந்தா?

— மெயின் கேட்டு வரைக்கும் வரலாம். அதுக்கு மேலயும் ரெண்டு புள்ளி வச்சா, திட்டாது, ஒண்ணும் சொல்லாது. அங்கனயே நிப்பீய.

— நல்லாக் கட்டியிருக்கான்.

— இப்பம் காப்பிய எட்டிப் பாருங்க. எல் எஸ், இடைவெளி, கோடு, காப்பி, கோடு, எடை. இங்கன நின்னுக்கிட்டே அங்கன பாக்கலாம், போவ வேண்டாம்.

— ஒன்பது, பத்து, பதினொண்ணுன்னு பதினஞ்சு வரைக்கும் இருக்கு.

— பதினஞ்சுதான் மூணு மணி. அதுக்குள்ள உள்ளத எல்லாம் இங்கன கொண்டு வரணும். சி பி. முதல்ல எங்க இருந்து, அடுத்து எங்க. காப்பி, எடை, பதினஞ்சு, அதுக்குப் பின்ன நட்சத்திரம். ஒரு இடைவெளி விட்டு ஒத்தப் புள்ளி. ஒத்தப் புள்ளின்னா நிக்குத எடம்.

— அடிச்சாச்சு. பெர்மிஷன் டினைட்னு சொல்லுது. அங்கயும் வாட்ச்மேன் நிக்கான்.

— அந்த எடத்தத் தொட எல்லாருக்கும் உரிமை இல்ல. சுடோன்னு ஒரு லிஸ்டு உண்டு. இதுவரைக்கும் அதுல எம் பேரு மட்டும்தான் இருந்துச்சு. செவ்வாக்கிழமை உங்க பேரையும் ஏத்திட்டேன். அதே வரிக்கு முன்னால சுடோ போடுங்க, பாஸ்வேர்டு கேக்கும்.

— எம் பேரும் ஏறிட்டா?

— ஏறிட்டு. அடிங்க.

— பாஸ்வேர்டு அடிக்கேன், ஒரு புள்ளி கூட விழ மாட்டேங்கு. கீபோர்டு செத்துட்டு போல.

— சாவல. காட்டாது. எத்தனை எழுத்துன்னு கூட வெளிய தெரியக் கூடாதுன்னு அப்படி. நம்பி அடிச்சு என்டரத் தட்டுங்க.

— தட்டிட்டேன். ஒண்ணும் சொல்லல. சும்மா நிக்கு.

— சும்மா நின்னா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். தப்புன்னாத்தான் வாயத் தொறக்கும். எல் எஸ் போட்டு எண்ணுங்க.

— அறுபத்தேழு.

— மூணு மணிக்குப் பொறவு ஒரு லாரி வந்திருக்கு. அதுதான் காப்பியில ஏறல.

— ராஜபாளையம் நூல் வண்டி. இருபத்தேழாயிரத்து அறுநூத்து நாப்பது கிலோ. டிரைவரு பேரு செல்வதுரை. வண்டி நம்பரும் சொல்லவா?

— கம்ப்யூட்டரே வேண்டாம் போலிருக்கே. அத எப்பவும் போல எடைத் திரையில ஏத்துங்க.

— ஏத்துதேன். இந்தா, அறுபத்தெட்டு. பெறத்தால பாரு, மேனேஜர் வந்தாச்சு.

— என்ன பெனிஷா, கேட்டுல நம்ம லாரிய நிறுத்திட்டான்னு ஃபோன் மேல ஃபோன். வாட் இஸ் திஸ்?

— சார், அது வந்து...

— நான் சொல்லுதேன் சார். இன்னைக்கு உள்ள சீட்ட எல்லாம் அழிச்சுட்டேன். மூணு மணிக் காப்பியில இருந்து திருப்பி எடுத்துப் போட்டுட்டேன். இப்பம் கேட்டுக்கு ஃபோன் போட்டுப் பாருங்க, வண்டி நகரும்.

— யாரு எடுத்துப் போட்டது?

— நான்தான்.

— பெனிஷா தொடலையா?

— அது கையக் கட்டிக்கிட்டுத்தான் நின்னுச்சு. நீங்க வேணும்னா ஒண்ண அழிச்சுக் காட்டுங்க, திரும்ப எடுக்கேன்.

— வேண்டாம் வேண்டாம், ஏற்கனவே அழிச்சது போதும். வெரி குட். மூணு வாரமாத் தேறாதவன்னு நினைச்சேன், பரவால்ல. அப்பம் பெனிஷா, உனக்கு இன்னைக்கோட ரிலீவ். அஞ்சு மணிக்கு வந்து கவர வாங்கிக்கோ. வன்னியபெருமாள், இனி சர்வர் உங்க பொறுப்பு. லீவுன்னா எங்கிட்ட கேட்டுட்டுத்தான். ஓகே?

— சரி சார்.

— அவரு போயாச்சு அண்ணாச்சி. நல்லா மூச்சு விடுங்க. உங்களுக்கு என்ன சொல்லன்னு தெரியல.

— ஒண்ணும் சொல்ல வேண்டாம். போய்க் கவர வாங்கு. மனசு மாறிருவான்.

— வாங்குதேன். நீங்க ஏன் இப்படி இருக்கீய? வேலை போயிரும்னு கிடந்தீய. போவலல்லா?

— காலையில வந்ததும் என் ஹெவி லைசென்ஸ வாங்கி லாக்கர்ல வச்சுப் பூட்டிட்டாரு தாயி. வேலைய விட்டுத் துரத்துனா திருப்பித் தந்துருவாருன்னு, நான் தெரிஞ்சேதான் அழிச்சேன்.