சிஞ்ஞோரா கொடுத்த மரங்கள்

சுவாமி, நான் பாவசங்கீர்த்தனம் செய்து மூன்று மாதமாகிறது. தவக்காலத்து வெள்ளியில் இறைச்சி ரோல்ஸ் ஒன்று தின்றுவிட்டேன். மரக்கறி என்று நினைத்துத்தான் கடித்தேன். தெரிந்த பிறகும் மிச்சத்தை விழுங்கினேன். அது மனதை அறுக்கிறது.

மற்றது அமலினியின் விஷயம். பங்கு முழுக்கக் கதைப்பதால் சொல்கிறேன்.

சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடும் இந்த நாட்டு வயதான அம்மா ஒருவரின் வீட்டில் பதினொரு வருடம் வேலை செய்தேன். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு செப்டம்பர் மாதம் ஊருக்கு, மன்னாருக்குப் போனேன். வேலை பறிபோகாமலிருக்க நம்மவர்கள் செய்வதுபோல, என் சித்தியின் மகள் அமலினியை என் இடத்தில் விட்டுப் போனேன். இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பாளோ என்று பயந்தேன். அவள் கேட்கவில்லை. கேளாமலே கிடைத்தது.

அந்த வீட்டுச் சுவரில் இருநூற்றைம்பது வருடப் பழைய படமொன்று இருந்தது. பழுப்பு மையில் மரங்கள், வயல்வெளி. நான் பதினொரு வருடம் அதன் தூசியைத் துடைத்தேன். அமலினி ஒரு மாதம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். சிஞ்ஞோரா கதிரை போட்டு அமர்ந்து ஒவ்வொரு மரமாகக் காட்டிக் கதை சொன்னாராம். எனக்கு ஒரு மரத்தையும் காட்டியதில்லை.

அக்டோபரில் நான் வேலைக்குத் திரும்பிய அன்று சிஞ்ஞோரா படத்தைக் கழற்றி, என் கண்முன்னே அவளிடம் கொடுத்தார்.

"அக்கா, இது உங்களுக்கெல்லோ தரவேணும். நீங்களே வைச்சிருங்கோ."

"எனக்கென்னத்துக்கு மரம்? கொண்டுபோ பிள்ளை," என்று நானே துவாயில் சுற்றிக் கொடுத்தேன். எரிச்சல்தான். பொறாமை இல்லை.

தையில் சிஞ்ஞோரா இறந்தார். அவருடைய மகன் வெறும் சுவரைப் பார்த்து, படம் எங்கே என்று கேட்டார். அமலினி வீட்டில் இருக்கிறது என்றேன். உண்மைதானே. பொலிஸார் கூப்பிட்டு, சிஞ்ஞோரா கொடுத்ததைக் கண்டாயா என்றார்கள். செப்டம்பர் முழுக்க மன்னாரில் நின்றேன் என்று பாஸ்போர்ட்டைக் காட்டினேன். முத்திரை பொய் சொல்லுமா?

அமலினி சீசாப் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். "நீங்கள் பக்கத்திலைதானே நிண்டனீங்கள், அக்கா. ஒருக்கால் சொல்லுங்கோ, காணும்." அழுதாள். எனக்கும் துக்கமாக இருந்தது. தேத்தண்ணீர் கொடுத்தேன். அவளுக்காக ஒன்பது நாளும் நவநாள் செபம் சொன்னேன்.

திருட்டு வழக்கு இழுபட்டு, அவள்தான் எடுத்தாள் என்று தீர்ப்பும் வந்தது. அவளது பெர்மெசோவை, இங்கே இருப்பதற்கான அனுமதியை, புதுப்பிக்கவில்லை. போன கிழமை விமானம் ஏற்றிவிட்டார்கள்.

மகன் என்னைத் தன் வீட்டு வேலைக்கு எடுத்துக்கொண்டார். படமும் அங்கேதான் தொங்குகிறது. செவ்வாயும் வெள்ளியும் துடைக்கிறேன். எத்தனை மரம் என்று இன்னும் எண்ணவில்லை.

அமலினி விஷயத்தில் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, சுவாமி. அந்த ரோல்ஸுக்கு மட்டும் பாவமன்னிப்புத் தாருங்கள்.