ஒன்பது நத்திங்

ஆளுயர மாலையின் கனத்தால் நாற்காலியில் ஒரு பக்கம் சாய்ந்தபடி இந்த வழியனுப்பு விழாவுக்குத் தலைமை தாங்கும் தெப்பக்குளம் கீழ்க்கரைக் குடியிருப்போர் சங்கத் தலைவர் அண்ணன் மொக்கைச்சாமி அவர்களே! வரவேற்புரையில் என்னை வாஸ்கோடகாமாவோடு ஒப்பிட்ட செயலாளர் கருத்தக்கண்ணன் அவர்களே! என் பயணத்துக்கு டிக்கெட் போட்ட டிராவல்ஸ் உரிமையாளர், மாப்பிள்ளை பாலகணேஷ் அவர்களே! சுண்டல் வரும் என்ற நம்பிக்கையில் இன்னும் எழுந்து போகாத பெரியோர்களே! அந்த நம்பிக்கையும் இல்லாமல் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில், இடமிருந்து மூன்றாவது நாற்காலியில், கறுப்புக் கண்ணாடி அணிந்து, என் குரல் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் மனைவி சூடாமணி டீச்சர் அவர்களே! அனைவருக்கும் ராதாகிருஷ்ணனின் வணக்கம்.

வாசலில் பிளக்ஸ் பார்த்தேன். "ஐரோப்பாவை வென்று வா அண்ணனே!" இடப்பக்கம் ஈபிள் கோபுரம், வலப்பக்கம் நம் தெற்குக் கோபுரம், நடுவில் நான். மூவரில் சாய்ந்து நிற்பவன் நான் ஒருவன்தான்.

எனக்கு ஏற்புரை என்று நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஏற்றுக்கொள்ள முடியாத ஒன்றைப் பற்றிப் பேச நேர்ந்தால் அதற்கு என்ன பெயர் வைப்பது? தெரியாததால் ஏற்புரை என்றே தொடங்குகிறேன்.

ஆறு மாதத்துக்கு முன் மாப்பிள்ளை பாலகணேஷ் ஒரு வழவழப்பான தாளோடு வந்தார்.

"மாமா, பத்தே நாளு, ஏழு நாடு! தெனமும் ரசம் உண்டு!"

"ஈபிள் கோபுரத்துக்கு எம்புட்டு நேரம் மாப்ள?"

"இருபது நிமிசம் மாமா. அதுக்குள்ள போட்டோவும் எடுத்துக்கிரலாம்."

"அப்ப ரசத்துக்கு?"

"அது முக்கால் மணி நேரம்."

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, நானே ஒரு திட்டம் போட்டேன். ரோமில் ஆறு நாள். வெனிசில் நான்கு. வியன்னாவில் ஏழு. மூனிக்கில் மூன்று. பாரிசில் ஆறு. ஐந்தே நகரம், இருபத்தாறு நாள். ஒரு நாள் பார்ப்பது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ, பார்த்ததை மனத்தில் வைத்துக்கொண்டு எங்காவது உட்கார்ந்திருப்பது.

ஏன் இவ்வளவு மெதுவாக? ஏன் வியன்னாவில் ஏழு நாள்?

டீச்சரைக் கேளுங்கள். செல்லூர்ப் பள்ளியில் முப்பத்தோரு வருடம் பூகோளம் நடத்தியவர். வியன்னா வழியாக ஓடும் டான்யூப் நதியை நீலச் சாக்குக்கட்டியால் கரும்பலகையில் ஒரே இழுப்பில் இழுப்பார். "டீச்சர் கண்ண மூடிக்கிட்டே வரைவாங்க" என்று பிள்ளைகள் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பாராட்டு இப்போது பலித்துக்கொண்டிருக்கிறது.

ஆம். உங்களுக்குத் தெரிந்ததுதான். போன மாதம் ஒரு கல்யாணத்தில் நம் தலைவரைப் பார்த்து, "மதினி, ஒடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டவர் டீச்சர். தலைவர் பெருந்தன்மையாக, "நல்லா இருக்கேன் மதினி" என்றார். அந்தப் பெருந்தன்மைக்காகவே இவர் சாகும்வரை தலைவராக இருக்கலாம்.

கண் நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது. டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? "தீபாவளி வரைக்கும் பார்க்கலாம். அப்புறம்... பார்க்கலாம்." முதல் 'பார்க்கலாம்' வேறு, இரண்டாவது 'பார்க்கலாம்' வேறு என்பதைத் தமிழ் தெரிந்த உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி விசா. ஒரு தூதரகம், பெயர் வேண்டாம். ஒவ்வொரு நாளும் என்ன செய்வீர்கள் என்று கட்டம் போட்டுக் கேட்டிருந்தார்கள். பார்க்கும் நாளுக்கு எழுதிவிட்டேன். உட்கார்ந்திருக்கும் நாளுக்கு? 'ரெஸ்ட்' என்று எழுதினால் நோயாளி என்பார்கள் என்றார் மாப்பிள்ளை. 'ஃப்ரீ' என்று எழுதினால் வேலை தேடுகிறவன் என்பார்களாம். உள்ளதை உள்ளபடி எழுதினேன். 'நத்திங்.' இருபத்தாறு நாளில் ஒன்பது நத்திங்.

நேர்காணலில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு சென்னைப் பெண். இந்தப் பக்கம் நானும் டீச்சரும்.

"இந்த ஒன்பது நாளும் என்ன பண்ணுவீங்கன்னு கேக்குறாரு சார்."

"சும்மா இருப்போம்மா."

அந்தப் பெண் மூன்று விதமாக மொழிபெயர்த்துப் பார்த்தது. அதிகாரி மூன்று முறையும் புருவத்தை உயர்த்தினார். கடைசியில் அதுவே என்னிடம் கேட்டது: "சும்மா இருக்க அவ்ளோ தூரம் எதுக்கு சார் போகணும்?"

ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். இவள் கண் போகிறது, ஆற அமரப் பார்க்க வேண்டும் என்று ஒரே வரி. சொல்ல வாயெடுத்தேன். மேசைக்கு அடியில் என் கையை ஒரு கை அழுத்தியது. முந்தின நாளே டீச்சர் சொல்லியிருந்தார்: "கண்ணக் காட்டிப் பிச்சையெடுக்க நான் வரல." நான் சும்மா இருந்தேன்.

இன்று காலை மேசைமேல், பழைய நாளிதழ்களுக்கு அடியில் ஓர் உறை இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை துருத்திக்கொண்டிருந்தது. தூதரகத்திலும் சோற்றால்தான் ஒட்டுகிறார்கள் போலும் என்று வியந்துகொண்டே பிரித்தேன். உள்ளே ஒற்றை வாக்கியம்: பயணத்தின் நோக்கம் விளங்கவில்லை.

அமைதி, அமைதி. கருத்தக்கண்ணன் அண்ணே, பிளக்ஸை இப்போதே கழற்ற வேண்டாம், உட்காருங்கள்.

நோக்கம் விளங்கவில்லையாம்! நோக்கம் என்றால் என்ன? காரணமா? காரணம் மட்டும்தானா? நோக்குவதும் நோக்கம்தானே! அந்த நோக்கம் இருக்கும்போதே ஒரு நதியை நோக்க வேண்டும் என்பதுதானே எங்கள் நோக்கம்! அந்த நோக்கம் மங்குகிறதே என்பதுதானே எங்கள் ஏக்கம்! இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? எந்த மொழியில் பெயர்ப்பது?

போதும். கை தட்டாதீர்கள்.

டீச்சருக்கு இந்தச் செய்தியை நான் இன்னும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்லியிருக்கிறேன். வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரம். அதில் எனக்கு அலங்காரம் வராது. 'போக முடியாது' என்றால் போக முடியாதுதான். மேடைத் தமிழில் ஒளிந்துகொள்ள இடம் நிறைய. அதனால் காலையிலிருந்து வாயைத் திறக்காமல், மாலை போட்டுக்கொண்டு, உங்களை நடுவில் வைத்துக்கொண்டு சொல்கிறேன். கோழைத்தனம்தான். சூடாமணி, உன் பெட்டியைப் பிரித்து வைத்துவிடலாம். மன்னித்துக்கொள்.

என்ன? டீச்சர் எழுந்து நிற்கிறார். கொஞ்சம் அமைதி. சத்தமாகச் சொல்லு.

கடைசி வரிசைக்குக் கேட்டிருக்காது. டீச்சர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். எல்லோருக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே சொன்னார்:

"எனக்கு நேத்தே தெரியும். கூரியர்காரரு என்கிட்டத்தான கையெழுத்து வாங்குனாரு. பக்கத்து வீட்டு ரம்யாஸ்ரீ வாசிச்சுக் காட்டுனா. ஒரு நாளாச்சும் மால போட்டுக்கிட்டுச் சந்தோசமா நில்லுங்க, விழா முடிஞ்சப்பறம் குடுக்கலாம்னுதான் திரும்ப ஒட்டி ஒளிச்சு வச்சேன்."

பெரியோர்களே, அந்தச் சோற்றுப் பருக்கை.

பகல் வெளிச்சத்தில், எல்லோருக்கும் தெரியும்படி அது ஓரத்தில் நின்றது. அழகாகத் துடைத்து ஒட்டியதாகத்தான் டீச்சர் நினைத்திருப்பார். அது நின்றது அவருக்குத் தெரியவில்லை.

இதற்கு மேல் பேசச் சொல்லாதீர்கள், தலைவரே.

போர்த்திய பொன்னாடைகளுக்கும், திறக்காத ஒரு வாசல் வரை வழியனுப்ப வந்த உங்கள் அன்புக்கும் நன்றி. நாளை எங்கள் திட்டப்படி ரோமில் முதல் நாள். போய் இறங்கும் நாள் என்பதால் கட்டத்தில் நத்திங் என்று எழுதியிருக்கிறேன். அதை மட்டும் அவர்களால் மறுக்க முடியாது. நாளை மாலை தெப்பக்குளப் படியில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருப்போம். அந்தப் பக்கம் வருகிறவர்கள் கொஞ்சம் அருகில் வந்து, பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.

வணக்கம்.