ஜான்ரோஸ் அசையாமல் நின்ற ஆட்டம்

எனக்குப் பந்தாட்டத்தில் பெரிய ஈடுபாடு இருந்ததில்லை. மைதானத்துக் கேலரியின் மேல்படியில் நல்ல காற்று வரும். அதற்காகத்தான் போக ஆரம்பித்தேன். வாரம் முழுதும் மருந்துக் கடையில் கஷாய வாடையில் நிற்கும் கம்பவுண்டருக்குச் சனிக்கிழமை சாயங்காலம் கொஞ்சம் காற்று வேண்டாமா?

கேமராவும் நானாகத் தேடிப் போனதல்ல. ஊருக்குக் கப்பலேறப் போன ஒரு வெள்ளைக்கார நர்சம்மா, பெட்டியில் அடங்காதவற்றைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு முன்னால் நின்றவருக்குப் பூனை கிடைத்தது. எனக்குப் பெட்டிக் கேமரா.

ஒரு பிலிம் சுருளுக்கு எட்டுப் படம். கழுவுவதற்குத் திருவனந்தபுரத்துக்கு அனுப்ப வேண்டும். அசையாத பொருள் அதில் அழகாக விழும். ஓடுகிற ஆள் புகையாகத்தான் விழுவான். இரண்டு வருஷம் கேலரியிலிருந்து எடுத்தேன். கோல் கம்பங்கள் நன்றாக விழுந்தன. பக்கத்தில் குடையோடு உட்காரும் ஓலை வியாபாரி சிலுவை ஒவ்வொரு படத்தையும் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்.

"கம்பவுண்டரே, இது கோல் அடிக்கியதா, சோறு வடிக்கியதா?"

நான் படத்தை வாங்கி உறைக்குள் போட்டுக்கொள்வேன். மருந்து கலக்குகிறவனுக்குக் கோபம் ஆகாது. எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு படம்: அடையாளம் தெரிகிற ஓர் ஆட்டக்காரன், அவன் பக்கத்தில் ஒரு பந்து. இது பேராசை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் சபை அணியில் கோல் காக்கும் கோலி ஜான்ரோஸ், என் மனைவி தேவகனியின் தம்பி. என்மேல் மிகுந்த பிரியமுள்ளவன். அவனைப் பற்றி ஒரு விஷயம் எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் கல்யாணத்தன்று நாகர்கோவிலிலிருந்து வந்த படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, "அசையாதீங்க" என்று சொன்ன நேரத்தில் பந்தலுக்குள் ஒரு காக்கை நுழைந்தது. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்து நின்றோம். ஜான்ரோஸ் காக்கையைப் பார்த்தான். படத்தில் அவனுக்குச் சட்டை இருந்தது, தலை இல்லை.

"எனக்க பிள்ளைக்குத் தலையில்லியே" என்று என் மாமியார் ஞானபாய் படத்தை அணைத்துக்கொண்டு அழுதாள். ஜான்ரோஸ் தலையோடு அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். தடவிப் பார்த்தும் அவளுக்கு ஆறவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் அவன் தலைக்காகத் தனியாக ஒரு ஜெபம் செய்தார்.

அன்றிலிருந்து கேமராவைக் கண்டால் ஜான்ரோஸ் மரமாகிவிடுவான். இதை நான் மூன்று முறை சோதித்துப் பார்த்தேன். முதல்முறை அவன் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். கயிறும் வாளியும் கிணற்றுக்குள் போயின, அவன் அசையவில்லை. அடுத்து, சாப்பிடும்போது, ஓர் ஈ அவன் மூக்கைச் சாவகாசமாகக் கடந்து போனது. கடைசியாகத் திற்பரப்பு அருவியில். தண்ணீருக்கு அடியில் நின்றவன் என்னைக் கண்டதும் கைகளைத் தொங்கவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஐம்பது எண்ணும்போது உதடு நீலமாயிற்று. அறுபதில் கேமராவைக் கீழே இறக்கினேன். மூன்று தடவையும் உள்ளே சுருள் இல்லை. அதைச் சொல்லி அவன் மனத்தை நோகடிப்பானேன்?

1932 மாசியில் கோப்பைக்கான கடைசி ஆட்டம், குளச்சல் அணியோடு. மலையில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த துரை ஒருவர் தன் அணிக்கு ஒரு கோலி தேடிக்கொண்டிருந்தார். அன்று பார்த்துப் பிடித்துவிட்டால் ஜான்ரோஸுக்குத் தோட்டத்தில் குமாஸ்தா வேலை, குடியிருக்க வீடு. மாமியார் அந்த வீட்டுக்கு அம்மி வரை எடுத்து வைத்துவிட்டாள். இது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்ததே நான்தான்.

சுருளில் ஒரு படம் பாக்கியிருந்தது. இரண்டாம் பாதியில் அவன் தெற்குக் கம்பத்துக்கு வருவான் என்பதால், கேலரியில் அந்த ஓரமாக, கீழ்ப்படியில் இடம் பிடித்தேன். அங்கே காற்றே இல்லை. சிலுவையும் கூடவே வந்து வியர்த்தார்.

பந்து எதிர்ப்பக்கம் இருந்தபோதே எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அப்போதும் அவன் அசையாமல்தான் நின்றிருப்பான், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பந்து இல்லாமல் எடுத்தால் அது வெறும் ஆள் படம். அதை ஸ்டூடியோவிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

குளச்சல் அணியின் ததேயுஸ் முதலில் அடித்த பந்து வேகமாக வந்தது. அது புகையாகத்தான் விழும் என்பதால் ஜான்ரோஸைப் பிடிக்க விட்டேன். துரை கைதட்டினார். இரண்டாவதையும் பிடிக்க விட்டேன். இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் முடியப்போகிற நேரம், ததேயுஸ் கால் இடறி ஒரு பந்தைத் தட்டினான். அது புல்லில் உருண்டு, தயங்கித் தயங்கி வந்தது. இரண்டு வருஷமாக அப்படி ஒரு பந்துக்காகத்தான் காத்திருந்தேன்.

"மக்கா, இஞ்ச பாரு" என்றேன். பந்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்த சிலுவையின் காதில் அது விழவில்லை.

ஜான்ரோஸ் பார்த்தான். குனிந்திருந்தவன் நிமிர்ந்தான். கைகளைத் தொடையோடு ஒட்டவைத்து, மோவாயைத் தூக்கி, மூச்சைப் பிடித்தான். பந்து அவன் காலுக்கு ஒரு சாண் தள்ளிப் போய்க்கொண்டிருந்தபோது அழுத்தினேன். அப்புறம் அது உள்ளே போயிற்று.

ததேயுஸ் கோல் அடித்த மகிழ்ச்சியில்லாமல், "ஏலே, அவனுக்கு என்னமோ செய்யிது, தண்ணி கொண்டு வாங்கலே" என்று கத்தினான். துரை குடையை மடக்கிக்கொண்டு காருக்குப் போனார். ஜான்ரோஸ் மட்டும் என்னிடம் ஓடி வந்தான்.

"அத்தான், நான் அசையல்லியே?"

"இல்லை" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

ஊரில் ஆளுக்கொன்று பேசினார்கள். ஆட்டத்துக்கு முந்தின நாள் மாமியார் வீட்டில் பெரிய சூரைமீன் கறி கொதித்ததைச் சிலர் மோந்திருந்தார்கள். குளச்சல்காரர்கள் லஞ்சமாகக் கொடுத்த மீன் என்று முடிவாயிற்று. சபையார் விசாரணை வைத்தார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னையும் விசாரணையில் உட்கார வைத்தார்கள். நான் மறுக்கவில்லை, பொதுக் காரியம்.

"ஏன் பிடிக்கல்ல?" என்று கேட்டார்கள்.

ஜான்ரோஸ் என்னைப் பார்த்தான். "கை வரல்ல" என்றான்.

அந்தப் பதிலை அப்படியே எழுதினேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மூன்று வருஷம் அணியிலிருந்து விலக்கு என்ற தீர்ப்பையும் நானே எழுதினேன். எழுத்து நன்றாக வந்திருந்தது என்று போதகரே சொன்னார்.

ஒரு மாதம் கழித்துப் படம் வந்தது. இப்போது என் முன்னால்தான் இருக்கிறது. ஒவ்வொரு விரலும் தெரிகிறது, பந்தின் தையல் தெரிகிறது. அவன் முகத்தில் ஒரு சிரிப்பு. நன்றாக வர வேண்டுமென்று பாடுபடுகிறவனின் சிரிப்பு. ஆனால் அதை யாரிடமாவது காட்டினால், கோலி எதைப் பார்த்து நிற்கிறான் என்று கேட்பார்கள். சிலுவை கட்டாயம் கேட்பார். வெளிச்சம் பட்டுச் சுருள் கெட்டுவிட்டது என்று ஜான்ரோஸிடம் சொன்னேன்.

"போட்டும் அத்தான். அடுத்த தடவ இன்னும் நல்லா நிக்கேன்."

அடுத்த தடவை வரவில்லை. உள்ளூரில் யாரும் வேலை கொடுக்காததால் இலங்கைக்குப் போனான். இரண்டரை வருஷத்தில் காய்ச்சல் வந்து அங்கேயே இறந்தான். கடிதம்தான் வந்தது. அவனைப்போல என்னிடம் பிரியமாக இருந்தவர் வேறு யாருமில்லை. ஆட்டம் பார்க்கப் போவதையும் விட்டுவிட்டேன்.

நேற்று தேவகனி கேட்டாள்: "எனக்க தம்பிக்க மொகம் தெரியிய ஒரு படம்கூட நீங்க எடுக்கல்லியா? அம்மைக்குக் கண்ணு மங்கிட்டு வருது. அதுக்க முன்ன ஒருக்கா பாக்கணும்னு அவ கேக்கியா."

இல்லை என்றேன்.

பயந்து சொன்னதாக நீங்கள் நினைக்கக்கூடாது. அந்தக் காலமெல்லாம் போய்விட்டது, இப்போது கேட்பாரில்லை. படத்தின் வலது ஓரத்தில் சிலுவையின் குடைக்கம்பி ஒன்று குறுக்கே விழுந்திருக்கிறது. அரைகுறை வேலையைப் பிறர் கையில் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.