பிஸ்கட் டின் இஞ்சின்

ராத்திரி ஒரு மணி. லம்பா லைன் சாலை. மழை விட்டிருந்தது. ஒரு ஆள் வெறுங்காலோடு நடு ரோட்டில் போகிறார்... திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. பின்னால் யாரும் இல்லை. ஏர்போர்ட் வாட்ச்மேன் பார்த்திருக்கிறான். கரிப்புகை நாற்றம் அடித்தது என்றான்.

அந்த ஆள் அங்கேயே நடக்கட்டும். சுசீலா, காலை உள்ளே இழுத்துக்கொள். கரண்ட் இப்போதைக்கு வராது.

என் சிநேகிதி செல்வம்மாள் அப்போது இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய சித்தி ரோசலின் வீட்டில் நடந்தது இது. ஷாதிபூரில் மர வீடு. சித்தப்பா பெயர் மிக்கேல். மரியாதையாக ‘அவர்’ என்றுதான் சொல்லப்போகிறேன், நாக்குக் கூசினாலும்.

மெயின்லேண்டில் அவர் ரயில் இஞ்சினில் கரி அள்ளிப் போடும் பயர்மேன். ரயிலே இல்லாத இந்தத் தீவுக்கு வந்து துறைமுக ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தார். வந்த புதிதில் யாரோ லம்பா லைன் என்று சொல்ல, “எந்த லைன்?” என்று முகம் வெளுத்துவிட்டதாம். அது வெறும் இடத்தின் பெயர் என்று சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். ஏன் வெளுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த இஞ்சினின் டிரைவர் பிரகாசம், ரோசலினின் கூடப் பிறந்த அண்ணன். வீட்டருகே வண்டி வரும்போது ஒரு நீளம், இரண்டு குட்டை என்று விசில் அடிப்பார். தங்கச்சி உலை வைக்க வேண்டும் என்று அர்த்தம். அவள் கல்யாணத்துக்குப் பிஸ்கட் டின்னை வெட்டி ஒரு குட்டி இஞ்சின் செய்து கொடுத்தார்.

ஒரு நாள் வண்டி, நின்றிருந்த கூட்ஸில் மோதி, கார்டு செத்துப்போனார். விசாரணையில் மிக்கேல் வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சொன்னார்: டிரைவர் குடித்திருந்தார் என்று. வீட்டிலும் அதையே சொன்னார். பிரகாசத்துக்கு வேலை போனது. தங்கச்சி வீட்டு வாசலில் நின்றார். அவள் கதவைத் திறக்கவில்லை. அப்புறம் அவர் தண்டவாளத்தில் தலையை வைத்துவிட்டார். முகம் பார்க்கக்கூட ரோசலின் போகவில்லை. புருஷன் பேச்சை அப்படி நம்பினாள், பாவி.

தீவுக்கு வந்து பல வருஷம் கழித்து, அறுபத்தைந்தாம் வருஷம் வாக்கில், பள்ளிக்கூடத்தில் பொருட்காட்சி வைத்தார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் ரயிலைக் கண்டதில்லை அல்லவா? மிக்கேலுக்கு ஆசை வந்துவிட்டது. பெட்டியடியில் கிடந்த பிஸ்கட் டின் இஞ்சினை எடுத்தார். செத்தவன் கை வேலையைத் தன் வேலையாகக் காட்டி மெடல் வாங்கலாம் என்று நினைப்பு!

மொட்டையாக இருந்ததை நிஜ இஞ்சின் மாதிரி ஆக்கினார். பித்தளைக் கம்பியில் கைப்பிடிகள். தகட்டில் உள்பக்கமிருந்து ஆணியால் குத்திக் குத்தி ரிவிட் வரிசை. முன்விளக்குக்கு உடைந்த கைக்கடிகாரத்தின் கண்ணாடி. உள்ளே தீக்குச்சியில் செதுக்கிய இரண்டு ஆள்: வெள்ளைத் தலைக்கட்டு டிரைவர், ஓட்டும் கைப்பிடியருகே. சிவப்புத் தலைக்கட்டு பயர்மேன், கையில் கரி மண்வெட்டி. சிவப்பு கட்டுவது மிக்கேலின் பழக்கம். கடைசியில் ஒரு துளி பித்தளைக் குழாயை விசில் என்று ஒட்டினார். ஊதினால் காற்றுக்கூடப் போகாது.

அன்று ராத்திரி... ஒரு நீளம். இரண்டு குட்டை.

பக்கத்து வீட்டில் எழுந்து, “ஜஹாஜ் வந்துடுச்சு போல” என்றார்கள். இங்கே ராத்திரி எது ஊதினாலும் கப்பல்தானே. ரோசலின் தூக்கக் கலக்கத்தில் எழுந்தாள். அடுப்பை மூட்டினாள். உலை வைத்தாள். தண்ணீர் கொதித்த பிறகுதான்... யாருக்கு என்று அவளுக்கு உறைத்தது.

காலையில் பார்த்தால் பொம்மைகள் இடம் மாறியிருந்தன. சிவப்புத் தலைக்கட்டு கைப்பிடியருகே. எலி வேலை என்று மிக்கேல் திட்டிக்கொண்டே பழையபடி வைத்து, வஜ்ரம் காய்ச்சி ஒட்டினார். மறுநாள் ராத்திரியும் விசில். அரிக்கேன் விளக்கோடு போய்ப் பார்த்தால், சிவப்பு மறுபடி கைப்பிடியருகே. காலில் பசை இறுகியிருந்தது.

ரோசலின் பின்னாலேயே வந்து நின்றாள்.

“ஏங்க... சிவப்பு நீங்கதான?”

அவர் அரிக்கேன் திரியை இறக்கினார்.

“அன்னைக்கு வண்டிய யாரு ஓட்டுனா?”

“போய்ப் படுடி.”

“எங்க அண்ணன் குடிச்சிருந்தாரா? என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க.”

அரிக்கேன் சுடர் ஆடியது. அடுப்பே எரியாத வீட்டில் கரிப்புகை... மூக்கை அரிக்கும் அளவுக்கு. மிக்கேல் கதவுப்பக்கம் பின்வாங்கினார்.

“கத்துக்கடான்னு அவன்தான் குடுத்தான்... நான் கேக்கலடி.”

அவ்வளவுதான். ஒற்றைப் பேச்சில் வந்துவிட்டது. மச்சான் என்று நம்பி வண்டியையே கொடுத்தவருக்கு இவர் செய்த கைம்மாறு அது.

ரோசலின் கத்தவில்லை. “கதவத் தெறக்காம விட்டேனே... சேசுவே, தெறக்காம விட்டேனே” என்று அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மிக்கேல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது மறுபடியும் விசில். இந்த முறை வீட்டுக்கு வெளியே... மிகப் பக்கத்தில். அவர் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

வாட்ச்மேன் பார்த்தது அந்த ஆளைத்தான்.

விடிந்ததும் உடலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். லாரி ஏதாவது ஏறியிருக்கும் என்றார்கள். அன்று டியூட்டியில் இருந்த டாக்டர் சின்ன வயசு, முந்தின நாள்தான் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர். ஊரில் ரயில்வே ஆஸ்பத்திரியில் இருந்தவராம். துணியை விலக்கி நெடுநேரம் பார்த்தார். மூடினார். கை கழுவிக்கொண்டே செல்வம்மாளிடம் கேட்டார்:

“லம்பா லைன்ல கெடந்தார்னு சொன்னாங்களே, சிஸ்டர்... அந்த லைன்ல ராத்திரி எத்தன மணிக்கு வண்டி?”