அத்தானின் ஆம்ப்ளிஃபயர் ஊமையான கதை

அக்கா, குளியலறைக் குழாய் இனிமேல் சொட்டாது. வாஷர் தேய்ந்திருந்தது, வேலைக்குக் கிளம்பும் முன் மாற்றிவிட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டால் எதுவுமே பெரிய வேலை இல்லை. கடையில் ஆள் இருப்பதால் வாய்க்குள்ளேயே பேசுகிறேன், போன் எழுதுகிறது. பிழை இருந்தால் அது போனின் குற்றம்.

அத்தானின் கிட்டார் ஆம்ப்ளிஃபயரும் அந்தக் குழாய் மாதிரிதான்.

இந்த ஊருக்கு வந்து உங்கள் வீட்டில் தங்கிய முதல் வாரமே அதைத் திறந்தேன். விளக்கு எரிந்தது, ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல் இருந்தது, கிட்டார் சத்தம் மட்டும் வரவில்லை. அப்படியென்றால் கரண்டும் ஸ்பீக்கரும் சரி, நடுவில் எங்கோ வழி அடைத்திருக்கிறது. வேறு கருவியைச் செருகிக்கொள்வதற்குப் பின்பக்கம் இரண்டு துளைகள் உண்டு. எதுவும் செருகாதபோது உள்ளே இருக்கும் ஒரு சின்னத் தகடுதான் சத்தத்தை ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கடத்தும். அதில் கறுப்பு படிந்திருந்தது. துடைத்தேன். சத்தம் வந்துவிட்டது.

அத்தான் என்னைக் கட்டிக்கொண்டார். "மச்சான், உன் கையில என்னமோ இருக்குடா. எல்லாரும் தூக்கிப் போடுன்னு சொன்ன பெட்டி இது."

மறுநாள் காலை ஐந்தரைக்கு வாசிக்கத் தொடங்கினார். என் மெத்தைக்கும் அந்தப் பெட்டிக்கும் மூன்றடி தூரம், உனக்கே தெரியும். அவருக்கு வருவது ஒரே பாட்டு, அதிலும் முதல் பாதி. நடுவில் விரல் சறுக்கும். "இரு, இரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். நீகூட அடுப்படியிலிருந்து, "அந்தப் பெட்டியில இடி விழ" என்றாய்.

ஒன்பது நாள் பொறுத்தேன். பத்தாம் நாள் அந்தத் தகட்டில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்தேன். அது காய்ந்துவிட்டால் கரண்ட் தாண்டாது. முழுப் பூசணிக்காயை மறைக்கச் சோறு தேவையில்லை, ஒரு சொட்டே போதும். பெட்டிக்குச் சேதமும் கிடையாது. பொருளைக் கெடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அதன்பிறகு ஏழு மாதம், ஞாயிறுதோறும் ரிப்பேர் பார்த்தேன். ஒரு வாரம் டிரான்சிஸ்டர், ஒரு வாரம் கெபாசிட்டர். நல்லதைக் கழற்றி, அதே நல்லதைத் திரும்பப் பற்றவைத்தேன். அத்தான் டார்ச் பிடித்தார். கை கடுத்தால் மறு கைக்கு மாற்றிக்கொண்டார். மூடிப் பார்த்தால் பழைய குருடி கதவைத் திறடிதான்.

ஒரு நாள் கேட்டார்: "நான்தான் சத்தத்தை ரொம்பக் கூட்டி வச்சுக் கெடுத்துட்டேனோ, மச்சான்?"

"இருக்கலாம் அத்தான்" என்றேன்.

பெட்டியின் மேல் கையை வைத்து அதனிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்டு முடிக்கும்வரை டார்ச்சை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். என்னால் முடிந்த உதவி.

இன்று காலை செருப்பு மாட்டும்போது சொன்னார்: "மச்சான், பாவம் நீயும் எத்தனை ஞாயித்துக்கிழமைதான் விடுவ? ஒரு நல்ல மெக்கானிக்கப் பிடிச்சிருக்கேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கே வர்றார்."

நல்ல மெக்கானிக் என்றால் இரண்டே நிமிடத்தில் பார்த்துவிடுவார். ஏனென்றால் நெயில் பாலிஷ் சிவப்பு. உன்னுடையது. நிறமில்லாதது தீர்ந்துபோயிருந்தது.

வீட்டில் இருப்பது மூன்று பேர். நெயில் பாலிஷ் போடுவது ஒருத்தி. இடி விழச் சொன்னதும் அவள்தான். அத்தானை நான் குறை சொல்ல மாட்டேன், யாராக இருந்தாலும் அப்படித்தான் யோசிப்பார்கள்.

நீ இல்லை என்று சொன்னால் மிச்சம் நான்தான். இந்த ஊரில் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. அத்தான் என் பெட்டி படுக்கையைக் கட்டச் சொன்னால் அம்மாவிடம் போனில் என்ன சொல்வேன்? நீ பெண்டாட்டி. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், மூன்றாம் நாள் தட்டைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவார். ஆகவே ஆறு மணிக்கு, "நான்தாங்க வச்சேன், காது வலி தாங்கல" என்று நீ சொல்லிவிட்டால் போதும். நான் பக்கத்திலேயே நின்று உனக்காகப் பரிந்து பேசுகிறேன்.

சொல்லாமலேயே விட்டிருக்கலாம். ஆனால் கூடப் பிறந்தவள் ஒன்றும் தெரியாமல் பழி சுமப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க, அந்த அளவுக்கு நான் மனசாட்சி இல்லாதவன் இல்லை.