திரும்பிப் போகும் வெற்றிலை

எண்பதுகளில் ஒரு சந்தை நாள். காரிமங்கலத்தில் பஸ் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்த அம்மாளின் மடியில் ஒரு கூடை வெற்றிலை.

"வாடிப்போச்சே, இத யாரு வாங்குவாங்க?" என்றார் கண்டக்டர்.

"விக்க இல்லீங்க, திருப்பிக் குடுக்க."

"யாருக்கு?"

"கல் குவாரி மொதலாளிக்கு. தார் ரோடு போட எங்க ஊருல வூட்டுக்கு வூடு வரி போடணுமாம். நாளைக்குக் கூட்டத்துல கை தூக்கச் சொல்லி, அவரு ஆளுங்க வெத்தல பாக்கு வெச்சு அழைச்சாங்க. கூட்டத்துக்குச் சாப்பாடு அவருது, லாரியும் அவருது."

"ரோடு வந்தா நல்லதுதானுங்களே?"

"ரோட்டுக்கு அளந்து கல்லு நட்டிருக்கறதப் போயிப் பாத்தோம். அவரு குவாரியில இருந்து நேரா மெயின் ரோட்டுக்குப் போவுது. எங்க ஊருப் பக்கம் திரும்பவே இல்ல."

"வெத்தலைய வாங்கிட்டீங்களே?"

"வாங்குனா வாக்குக் குடுத்த மாதிரி. அதான் ஒரு வூடு விடாமக் கேட்டு வாங்கியாந்துட்டேன். அவரு கையில குடுத்துட்டா, நாளைக்கு ஒரு கையும் மேல எழும்பாது."

கண்டக்டர் ஒரு டிக்கெட் மட்டும் கிழித்தார். "கூடைக்கு வேணாங்க, சும்மா வெச்சுக்கங்க."

அந்த அம்மாள் சில்லறையை நீட்டியபடியே இருந்தார்.

"அதுக்கும் போடுங்க. ஓசி வேணாம்னு சொல்லத்தான் போயிட்டிருக்கேன்."